ரோக்காபுயாவில் முதுகு காட்டியவர்

நான் சொல்வதில் பாதியை நம்பக் கூடாது என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு. சரியான பேச்சுதான். இது மற்றப் பாதி.

இது நடந்தது. எர்ஸிலியா பொண்டவால்லி தன் வாயாலேயே எனக்குச் சொன்னாள், அதுவும் வைன் ஊற்றுவதற்கு முன்னால். தீயணைப்புக் கேப்டன் ஒருவரும் சொன்னார். அவர் வாழ்நாளில் கற்பனை என்று ஒன்று செய்ததே கிடையாது. பேய் என்றால் நடுநிசி, ஊளையிடும் நாய் என்று எதிர்பார்த்து வந்தவர்கள் என்னை மன்னிக்க வேண்டும். இது ஞாயிற்றுக்கிழமை மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு நடந்தது. ஊரில் எல்லோருக்கும் வயிறு நிறைந்திருந்தது. அவளுக்கு மட்டும் இல்லை.

எர்ஸிலியா ரோக்காபுயாக்காரி. இத்தாலியில் போ என்கிற ஆற்றின் கரையில் இருக்கிறது ஊர். நவம்பரில் மூடுபனி இறங்கிவிட்டால், எதிர்வீட்டுக்காரன் உயிரோடு இருக்கிறானா என்பதைக் குரல் கொடுத்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். சீஸ் காய்ச்சுகிறவரின் மகள். இருபது வயதில் இந்த ஊர் அரங்கில்தான் முதன்முதலாக ஓபரா மேடை ஏறினாள். அப்புறம் மிலான், வியன்னா, புவனோஸ் ஐரிஸ். வியன்னாவில் அவள் கைக்குட்டையைத் திருடியதற்காக இரண்டு பேர் கைதானார்கள். புவனோஸ் ஐரிஸில் ஒரு பந்தயக் குதிரைக்கு அவள் பெயரை வைத்தார்கள். குதிரை தோற்ற அன்று பாதி நகரம் சாப்பிடவில்லை.

இத்தனை புகழும் ஒரே ஒரு பாட்டின் மேல் நின்றது. ஒரு ஓபராவின் நாலாம் அங்கத்தில், விஷம் குடிப்பதற்கு முன்னால் அரசி பாடுகிற பாட்டு. அதன் உச்சியில் ஒரு ஸ்வரம் இருக்கிறது. பாதிப் பேர் அதற்குப் பயந்து பாட்டையே அரைக் கட்டை இறக்கிவிடுவார்கள். ஏணியில் ஏற முடியாதவன் கூரையைக் கீழே இறக்கி வைத்துக்கொள்வது மாதிரி. எர்ஸிலியா நாற்பது வருஷத்தில் ஒரு தடவைகூட இறக்கியதில்லை. ஒரு இளம் பாடகி இறக்கிப் பாடியதைப் பற்றித் தொலைக்காட்சியில் அவளிடம் கேட்டார்கள்.

"அது பாட்டு இல்லீங்க. சீசன் கடைசித் தள்ளுபடி" என்றாள்.

நாடே சிரித்தது. அந்தப் பெண் சிரிக்கவில்லை.

பிறகு, அறுபத்திரண்டாம் வயதில், கோடைக்காலத்தில் ஒரு காலை, எர்ஸிலியா அந்த ஸ்வரத்துக்கு வாயைத் திறந்தாள். அது இல்லை. கோட்டுப் பையில் வீட்டுச் சாவியைத் தேடுவது போல் தொண்டைக்குள் தேடினாள். மறுநாளும் தேடினாள். தொலைந்தது தொலைந்ததுதான்.

ஆனால் அவளுடைய கடைசி மேடை ரோக்காபுயாவில், அதே ஓபரா என்று அதற்குள் சுவரொட்டி ஒட்டியாகிவிட்டது. நேரடி ஒலிபரப்பு என்று வானொலியிலும் சொல்லியாகிவிட்டது.

இங்கே எங்கள் ஊர் மேல்மாடத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அரங்கின் உச்சியில், கூரைக்குக் கீழே, வெறும் மரப் பெஞ்சுகள். பன்றிக்கறிக் கடைக்காரர், முடிதிருத்துகிறவர், சீஸ் காய்ச்சுகிறவர்கள் எல்லாம் உட்காருகிற இடம். கீழே கோட்டுப் போட்டவர்கள் ஓபரா பார்க்க வருவார்கள். மேலே இருப்பவர்கள் கேட்க வருவார்கள். மற்ற ஊர்களில் பாடகர் ஏமாற்றினால் கூச்சல் போடுவார்கள், விசிலடிப்பார்கள். ரோக்காபுயாவில் அதெல்லாம் கிடையாது. எழுந்து நின்று, ஒரு சத்தம் இல்லாமல், மேடைக்கு முதுகைக் காட்டுவார்கள். அவ்வளவுதான். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில் ஒரு பாடகருக்கு அது நடந்தது. அவர் அதோடு பாட்டை விட்டுவிட்டு ரிமினி கடற்கரையில் குடை வாடகைக்கு விட்டார். அவர் பெயரை இன்றைக்கும் ஊரில் யாரும் சொல்வதில்லை.

எர்ஸிலியாவுக்கு வேறு எந்தப் பயமும் கிடையாது. அந்த முதுகுகள்தான்.

ஒத்திகை நாளன்று, வாத்தியக் குழுவை நடத்துகிற ஃபுல்வியோவைத் தனியாகக் கூப்பிட்டாள். அரங்கத்தின் நிர்வாகமும் அவரிடம்தான்.

"மேஸ்த்ரோ, அரைக் கட்டை."

"எந்தப் பாட்டுக்கு?"

"எந்தப் பாட்டுக்குன்னு உங்களுக்குத் தெரியாதா?"

ஃபுல்வியோ கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அது சுத்தமாகத்தான் இருந்தது.

"குழுவுல முப்பது பேர் இருக்காங்க சிஞோரா. முப்பது வாய்."

"ஊதுற வாய்தானே? ஊதும்போது பேச முடியாது."

அவர் சிரித்தார். அவளும் சிரித்தாள். பிறகு தன் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, முகத்தைக் கழுவினாள். வேஷம் போடாத முகம். கழுவுவதற்கு அதில் ஒன்றும் இல்லை. இருந்தாலும் கழுவிக்கொண்டே இருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை. மூன்று மணிக்கு ஆட்டம். மூடுபனி அரங்கத்துக்குள்ளேயே வந்து உட்கார்ந்துகொள்ளும் போல இருந்தது. திரையில் பாடகர்கள் எட்டிப் பார்ப்பதற்கென்று ஒரு சின்ன ஓட்டை உண்டு. எர்ஸிலியா அரசி உடையில் அதை நோக்கிப் போனாள். ஃபுல்வியோ குறுக்கே வந்து நின்றார்.

"வேண்டாம் சிஞோரா. ராசி இல்ல."

"என்னைக்கிலேர்ந்து? மேல கூட்டம் இருக்கா?"

"நிறைஞ்சு வழியுது" என்றார், தன் பூட்ஸைப் பார்த்துக்கொண்டு.

இந்த மனுஷனுக்கு என்னைவிட உதறுகிறது என்று நினைத்துக்கொண்டாள். அவரைத் தள்ளிவிட்டு ஓட்டையில் கண்ணை வைத்தாள்.

மேல்மாடம் நிறைந்துதான் இருந்தது. தலைமேல் தலை. தோளோடு தோள். இருட்டில் முகங்கள் பிடிபடவில்லை.

ஆனால் முன்வரிசையில், நட்டநடுவில், ஒரு ஆள்... மேடைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார்.

இன்னும் திரையே விலகவில்லை. அவள் ஒரு ஸ்வரம்கூடப் பாடவில்லை.

பக்கத்து ஆளோடு பேசுகிறார் போலிருக்கிறது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். கைகள் சில்லிட்டிருந்தன. குளிர்தான் என்றும் சொல்லிக்கொண்டாள்.

முதல் அங்கம் நன்றாகப் போனது. கீழே கோட்டுக்காரர்கள் இருமினார்கள். நவம்பர் மாதத்தில் ஊரே இருமும். பாதிப் பாட்டில்தான் அவளுக்கு உறைத்தது... மேலே ஒருவர்கூட இருமவில்லை. வால்நட் உடைக்கிற சத்தம் இல்லை. பெஞ்சு முனகவில்லை. அங்கம் முடிந்ததும் மேலேயிருந்து கைதட்டல் வந்தது. ஆனால் அது கைகள் மோதுகிற சத்தம் மாதிரி இல்லை. அறுவடை முடிந்த வயலில் காய்ந்த சோளத்தட்டைகள் காற்றில் உரசுகிற மாதிரி... சரசரவென்று... நீளமாக...

நிமிர்ந்து பார்த்தாள். முன்வரிசை நடுவில் இடம் காலியாக இருந்தது.

அப்பாடா என்றிருந்தது. ஆள் எழுந்து போய்விட்டார். போகட்டும்.

இரண்டாம் அங்கத்தில் அவரைப் பார்த்தாள்.

அரங்கைச் சுற்றி அடுக்கடுக்காக இருக்கிற குடும்ப மாடங்களில், மூன்றாம் அடுக்கில், மருந்துக்கடைக்காரரின் மாடத்தில். மருந்துக்கடைக்காரர், அவர் மனைவி, இரண்டு மகள்கள், எல்லோரும் மேடையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கு நடுவில் அந்த முதுகு. கறுப்புக் கோட்டு. நரைத்த பின்னந்தலை. மூத்த மகள் கையை நீட்டி அம்மாவுக்கு மிட்டாய் கொடுத்தாள். கை அவரைத் தாண்டிப் போனது. யாரும் அவரைக் கவனித்ததாகத் தெரியவில்லை.

பாடகர்கள் அடி மறந்தால் எடுத்துக்கொடுப்பதற்கு, மேடையின் முன்விளிம்பில் ஒரு பொந்து இருக்கும். தலை மட்டும் வெளியே தெரிய ஒருவர் அதற்குள் உட்கார்ந்து மேடையைப் பார்த்துக்கொண்டிருப்பார். எங்கள் அரங்கில் அது டெல்ஃபீனா. இடைவேளையில் எர்ஸிலியா அவளைப் பிடித்தாள்.

"மருந்துக்கடைக்காரர் மாடத்துல யாரு டெல்ஃபீனா? முதுகைக் காட்டிட்டு?"

"என்னைக் கேட்டா? உங்க வாயைத் தவிர நான் எதைப் பாத்தேன்? நாளைக்கு உங்க பல்லு எத்தனைன்னு கேளுங்க, சொல்றேன்."

"ஒரு ஆள் இருக்காரு."

"இருந்துட்டுப் போறாரு. அந்தப் பொண்ணுங்களுக்கு மாப்பிள்ளையா இருக்கும். மூஞ்சியைக் காட்டப் பயம்."

எர்ஸிலியா சிரிக்கவில்லை. வேண்டுமானால் இப்போதே ஃபுல்வியோவிடம் போய்ச் சொல்லலாம், எழுதியபடியே வாசியுங்கள் என்று. அரைமணி நேரம் இருக்கிறது. எழுந்தாள். மறுபடி உட்கார்ந்தாள். வானொலி இருக்கிறது. நாற்பது வருஷம் இருக்கிறது. ஒரே ஒரு பாட்டு, ஏழு நிமிஷம், யாருக்கும் தெரியப்போவதில்லை.

மூன்றாம் அங்கம்.

முதல் அடுக்கு. மேடையை ஒட்டிய மாடம். கையை நீட்டினால் தொடலாம்.

கோட்டுக் காலரில் பனித்துளிகள் நின்றன. இப்போதுதான் வெளியிலிருந்து வந்தவர் மாதிரி. உள்ளே வந்து இரண்டு மணி நேரம் ஆகியிருக்க வேண்டும். துளிகள் காயவில்லை.

அவர் மூச்சு விடுகிற அசைவும் இல்லை.

நாலாம் அங்கம். ஐந்து மணி பத்து நிமிஷம்.

வாத்தியக் குழு அந்தப் பாட்டைத் தொடங்கியது. அரைக் கட்டை கீழே. முப்பது பேரும் முகத்தைக் காகிதத்துக்குள் புதைத்துக்கொண்டு வாசித்தார்கள். திருமணத்துக்குத் தகரத் தோட்டைத் தங்கம் என்று கொண்டுவந்த உறவுக்காரர்கள் மாதிரி. எர்ஸிலியா பாடினாள். அழகாகத்தான் பாடினாள். உச்சிக்குப் போனாள். இறக்கி வைத்த கூரையைத் தொட்டாள்.

அரங்கம் அதிர்ந்தது. கீழே மேயரின் மனைவி எழுந்து நின்றுவிட்டாள். மேலே சோளக்காடே புயலில் ஆடியது. பிறகு அந்தச் சரசரப்புக்குள்ளிருந்து...

"பிஸ்..."

இன்னொரு தடவை என்று அர்த்தம்.

"பிஸ்... பிஸ்..."

கீழே மேயரின் மனைவியும் சேர்ந்துகொண்டாள். எங்கள் ஊரில் அதை மறுக்க முடியாது. ஃபுல்வியோ கோலை உயர்த்தினார். எர்ஸிலியாவுக்கு முதல் சொல் மறந்துபோனது. ஒரு பொய்யை ஒருதடவை சொல்லிவிடலாம். கேட்டு வாங்கும்போது மறுபடி சொல்வது...

அடி எடுத்துக்கொடுக்கட்டும் என்று பொந்தைப் பார்த்தாள்.

அங்கே டெல்ஃபீனாவின் முகம் இல்லை.

பின்னந்தலை.

நரைத்த... பின்னந்தலை.

காலரில் பனித்துளி.

வாத்தியங்கள் தொடங்கின.

"நிறுத்துங்க."

நின்றன.

எர்ஸிலியா மேல்மாடத்தை நிமிர்ந்து பார்த்தாள்.

"மேல இருக்கிறவங்களே... அரைக் கட்டை இறக்கியிருக்கேன். என்னால முடியல. உங்களை ஏமாத்திட்டேன். திரும்பிக்குங்க."

கீழே யாருக்கும் புரியவில்லை. நாடகத்தில் வருகிற வசனம் என்று நினைத்து மேயரின் மனைவி இன்னும் பலமாகக் கைதட்டினாள்.

ஃபுல்வியோ வெளிறிப்போய்க் கேட்டார். "எதுல வாசிக்கட்டும்?"

"எழுதினதுல."

வாசித்தார்கள். பாடினாள். உச்சி வந்தது. வாய் திறந்திருந்தது. காற்றுதான் வந்தது. வெறும் காற்று. வானொலியில் நாடு முழுக்க அது போனது.

அப்போது மேலே...

சரக்.

ஒரு பூட்ஸ் பலகையில் திரும்புகிற சத்தம்.

சரக்... சரக்...

வரிசை வரிசையாக. தலைக்குப் பின் தலை. மேல்மாடம் முழுவதும் திரும்பியது. ஒரு முகமும் மிஞ்சவில்லை.

பொந்தில் மட்டும் அந்தத் தலை... மெதுவாக... இந்தப் பக்கம் திரும்பியது.

என்ன முகம் என்று நான் கேட்டேன். அவள் மேஜைத் துணியைத் தடவி விட்டாள். "தெரியாத முகம்தான். கோபமே இல்ல. அந்த முதுகுங்களையாவது தாங்கிட்டேன்" என்றாள். "அந்தப் பார்வையைத் தாங்க முடியல."

அவள் மேடையை விட்டு இறங்கிவிட்டாள். அன்று அரசி விஷம் குடிக்கவில்லை. எங்கள் ஊர் வரலாற்றில் அந்த ஓபராவில் அவள் பிழைத்துக்கொண்டது அந்த ஒருதடவைதான்.

அறைக்கு டெல்ஃபீனா ஓடிவந்தாள். "என்ன சிஞோரா ஆச்சு? முதல் சொல்லை நான் மூணு தடவை எடுத்துக்கொடுத்தேன். என் மூஞ்சியையே பாத்துட்டு அப்படி நடுங்குறீங்க! நான் பொந்தை விட்டு எங்கேயும் போகல."

எர்ஸிலியா கோட்டை மாட்டினாள். எதிர்ப்புறம் சதுக்கத்தில் இருந்த மதுக்கடைக்குப் போனாள். ஆட்டம் முடிந்தால் மேல்மாடத்து ஆட்கள் அங்கேதான் வருவார்கள். முகத்துக்கு முகம் போய் நின்று வாங்கிக்கொள்ள வேண்டியதை வாங்கிக்கொள்வது என்று முடிவு செய்திருந்தாள். அந்த மாலை அவள் செய்த இரண்டாவது நேர்மையான காரியம் அது. மூடுபனியில் இரண்டு தடவை வழி தவறினாள்.

உள்ளே எல்லோரும் இருந்தார்கள். காலிக் கோப்பைகள், எலும்புத் தட்டுகள், புகை. மூலையில் வானொலிப் பெட்டி. மேல்மாடத்துக்கே தலைவர் மாதிரியான கறிக்கடை லெயார்கோ நடுவில் உட்கார்ந்திருந்தார். சின்ன வயதில் அவளைச் சைக்கிளில் பாட்டு வகுப்புக்குக் கொண்டுபோய் விட்டவர்.

"நான் வந்துட்டேன்" என்றாள். "மேலேர்ந்து காட்டினீங்க. இப்ப நேர்ல காட்டுங்க."

யாரும் அசையவில்லை. யாரும் அவளை நிமிர்ந்தும் பார்க்கவில்லை.

"உக்காருடி பொண்ணே" என்றார் லெயார்கோ. "சூப் குடி. ஊமை மாதிரி வாயைப் பொளந்துட்டு நின்னியே, தொண்டை காஞ்சிருக்கும்."

"திட்டுங்க. இவ்வளவு சீக்கிரம் எப்படி இறங்கி வந்தீங்க?"

"ஏறினாத்தானே இறங்குறதுக்கு?"

எர்ஸிலியா நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள்.

"மேல எவன் போனான்? மேல்மாடத்துப் படிக்கட்டுல உத்தரம் விரிஞ்சிருச்சு. வியாழக்கிழமையே இவர் வந்து பூட்டி முத்திரை வெச்சுட்டாரு." பக்கத்தில் இருந்த தீயணைப்புக் கேப்டனைக் காட்டினார். "மேல்மாடம் இல்லன்னா நீ பாட மாட்டேன்னு சொல்லிருவியாம். அதனால உங்கிட்ட சொல்லாதீங்கன்னு உன் மேஸ்த்ரோ கெஞ்சினாரு. கீழ இடம் தர்றேன்னாரு. கோட்டுக்காரனுங்க பக்கத்துலயா? போய்யான்னுட்டோம். மூணு மணிலேர்ந்து இங்கதான் ரேடியோ."

"கேட்டீங்களா?"

"கேக்காம?" லெயார்கோ கோப்பையைச் சுற்றினார். "ரெண்டாவது வரியிலேயே தெரிஞ்சுபோச்சு. ரேடியோ கொஞ்சம் மந்தமா ஓடுது, அதான் கட்டை இறங்கிக் கேக்குதுன்னு நான் சொன்னேன். ஆமா, மந்தமாத்தான் ஓடுதுன்னு எல்லாரும் சொன்னானுங்க. அதோட முடிஞ்சிருச்சு. ஒருத்தன் மூஞ்சியை ஒருத்தன் பாக்காம ஒரு பாட்டில் வைன் குடிச்சோம். நீ எதுக்குடி வாயைத் திறந்தே?"

எர்ஸிலியா சூப்புக் கிண்ணத்துக்குள் குனிந்துகொண்டாள். நாற்பது வருஷமாக யாருக்குப் பயந்தாளோ, அவர்கள் அவளுக்காகப் பொய் சொல்லியிருக்கிறார்கள். அதுவும் இவ்வளவு மோசமான பொய். அவளுக்குக் காது வரை எரிந்தது. அழுகை வந்தால் தேவலை என்றிருந்தது. வரவில்லை.

பிறகுதான் அந்த இன்னொன்று உறைத்தது. கரண்டியைக் கீழே வைத்தாள்.

"மேல நிறைய ஆளுங்க இருந்தாங்க" என்றாள். "கைதட்டினாங்க. பிஸ்னாங்க."

யாரோ சிரித்தார்கள். கேப்டன் சட்டைப்பையிலிருந்து சாவியை எடுத்து மேஜையில் வைத்தார். "இது ஒண்ணுதான் சாவி. என்கிட்டதான் இருக்கு."

"திறங்க."

"சிஞோரா, விதிப்படி..."

"திறங்கய்யா" என்றார் லெயார்கோ. சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

மூன்று பேரும் போனார்கள். கதவில் ஈய முத்திரை உடையாமல் இருந்தது. கேப்டன் உடைத்தார். விரிந்த உத்தரத்தை விட்டு, சுவரோரமாகவே ஒவ்வொருவராக ஏறினார்கள். கேப்டன் கை விளக்கை அடித்தார். கூரையிலிருந்து உதிர்ந்த சுண்ணாம்புத் தூள் மூன்று நாளாகப் படிந்து, தரையும் பெஞ்சும் மாவு கொட்டியது போல் வெள்ளையாக இருந்தன. ஒரு காலடிகூட இல்லை. ஒரு கைத்தடம் இல்லை.

"பாத்தியா?" என்றார் லெயார்கோ. "வா, சூப் ஆறிடும்."

கேப்டன் தூள் எத்தனை கனம் என்று பார்க்க ஒரு பெஞ்சில் உள்ளங்கையை வைத்தார்.

வெடுக்கென்று எடுத்துக்கொண்டார்.

மறுபடி வைத்தார். அடுத்த பெஞ்சைத் தொட்டார். அதற்கடுத்ததை. லெயார்கோவும் தொட்டார். அவர் சிரிப்பு நின்றுபோனது. அடுப்பு இல்லாத மேல்மாடம். நவம்பர் மாதம். வாயிலிருந்து புகை வந்துகொண்டிருந்தது. பெஞ்சுகள் எல்லாம் சூடாக இருந்தன. இப்போதுதான் யாரோ எழுந்து போன மாதிரி... வரிசை வரிசையாக... ஒவ்வோர் இடமும்.

முன்வரிசையில், நட்டநடுவில் ஓர் இடம் மட்டும் சில்லென்று இருந்தது.

அங்கே உட்கார்ந்திருந்தவர் எழுந்து கீழே போய் வெகுநேரம் ஆகியிருந்தது. இன்னும் திரும்பி வரவில்லை.